அடுத்தடுத்துக் கலையும் கரு: காரணம் தேடிய வரலாறு

இரண்டு மூன்று முறை கரு கலைந்த பெண்ணுக்குக் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருப்பதில்லை. கர்ப்பப்பை வீக், உடம்புச் சூடு, பப்பாளி சாப்பிட்டது, பஸ்ஸில் அலைந்தது, சொந்தத்தில் கட்டியது என்று வீட்டில் ஒரு பட்டியல் ஓடும். ஹார்மோன், ரத்தம் உறைதல், கிருமி, எதிர்ப்பு சக்தி என்று ஆய்வகச் சீட்டில் இன்னொரு பட்டியல் வரும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே அனுமானம்தான்: மறுபடி மறுபடி நடக்கிறதென்றால் பின்னால் நிலையான காரணம் ஒன்று இருந்தே தீரும், அதுவும் பெரும்பாலும் பெண்ணின் உடம்பில்தான் இருக்கும்.

இந்த அனுமானம் மிகப் பழையது. இரண்டு மூன்று மாதத்தில் வெளிப்படையான காரணமின்றிக் கரு விழுந்தால், கருவைப் பிடித்திருக்கும் இடத்தில் சளி நிறைந்து அதன் பாரத்தைத் தாங்க முடியாமல் போயிற்று என்று ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் மருத்துவச் சூத்திரங்கள் கூறின. நான்காம் மாதம் வரை விழுவதையும் ஐந்தாறு மாதங்களில் விழுவதையும் சுஸ்ருத சம்ஹிதை வேறுவேறாகப் பிரித்தது. உண்டாகும் கருவெல்லாம் உதிரப்போக்கில் அழியும் நிலைக்கு ‘புத்ரக்னி’ என்று பெயரிட்டு, அதைப் பெண்ணுறுப்பு நோய்களின் கூட்டத்தில் சேர்த்தது. இரு மரபுகளிலும் குற்றம் பாத்திரத்தின் மேல்தான். உள்ளே இருக்கும் கருவின் மேல் சந்தேகம் விழ வெகுகாலம் ஆயிற்று.

### எத்தனை இழப்புக்குப் பிறகு பரிசோதனை?

முதல் சிக்கல் எண்ணிக்கையிலேயே தொடங்குகிறது. மூன்று முறை அடுத்தடுத்துக் கலைந்தால்தான் ‘தொடர் கருச்சிதைவு’ என்பது நெடுநாள் வழக்கம். அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் 2017இல் ஐரோப்பியச் சங்கமான எஷ்ரேயும் இரண்டு இழப்பே போதும் என்றன. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2023இல் மூன்று என்ற எண்ணை வைத்துக்கொண்டு, அவை அடுத்தடுத்து நிகழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் கைவிட்டது.

இது வெறும் வரையறைச் சண்டையாகத் தோன்றலாம். ஆனால் உறுதிப்பட்ட கர்ப்பங்களில் சுமார் 15 சதவீதம் கலைகின்றன என்று 2021இல் லான்செட் இதழ் வெளியிட்ட கட்டுரைத் தொடர் மதிப்பிட்டது. இரண்டு முறை இழந்த பெண்கள் ஏறக்குறைய 1.9 சதவீதம், மூன்றோ அதற்கு மேலோ இழந்தவர்கள் 0.7 சதவீதம். இப்போது ஒரு சின்னப் பெருக்கல்: எந்த நோயும் இல்லாதவருக்கும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 15 சதவீத ஆபத்து இருக்குமானால், வெறும் தற்செயலாகவே மூன்று முறை இழப்பவர்கள் 0.34 சதவீதம் இருப்பார்கள். காணப்படும் 0.7இல் இது பாதிக்குச் சற்றுக் குறைவு. வயதுக்கேற்ப ஆபத்து மாறுவதால் இதைக் கறாரான கணக்காகக் கொள்ளக் கூடாது. என்றாலும், மூன்று இழப்புகளுக்கும் சேர்த்து ஒரு காரணம் தேடும்போது, அப்படி ஒன்று இல்லாதவர்கள் கணிசமாக அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் என்பதை இது காட்டுகிறது. எண்ணை இரண்டாகக் குறைத்தால் அவர்களின் பங்கு இன்னும் கூடும். மறுபக்கம், 37 வயதில் இரண்டாவது முறை இழந்த பெண்ணிடம் ‘மூன்றாவதும் போகட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று சொல்வது மருத்துவமாகவும் தெரியவில்லை, மனிதாபிமானமாகவும் தெரியவில்லை. லான்செட் தொடர் இதற்கு ஒரு நடுவழி சொன்னது: முதல் இழப்புக்குப் பிறகு ஆலோசனை, இரண்டாவதுக்குப் பிறகு அடிப்படைச் சோதனைகள், மூன்றாவதுக்குப் பிறகு முழு ஆய்வு. இப்போதைக்கு இதுவே நியாயமாகப் படுகிறது.

### மால்பாஸின் கணக்கும் அதன் விலையும்

இந்தத் துறையின் போக்கை அரை நூற்றாண்டுக்குத் திருப்பிவிட்டது எந்த மருந்தும் அல்ல, ஒரு கணக்குதான். 1938இல் பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர் பெர்சி மால்பாஸ் ஒரு கட்டுரை எழுதினார். கருச்சிதைவு மொத்தம் 18 சதவீதம் என்றும், அதில் ஒரு சதவீதம் மட்டுமே நிலையான காரணத்தால், அதாவது ஒவ்வொரு முறையும் தவறாமல் கலைய வைக்கும் காரணத்தால், நிகழ்கிறது என்றும் வைத்துக்கொண்டார். மீதி 17 சதவீதம் தற்செயல். மூன்று முறை தற்செயலாகக் கலைய 0.17ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். ஆயிரத்துக்கு ஐந்து பேர் வருவார்கள். நிலையான காரணம் உள்ளவர்கள் ஆயிரத்துக்குப் பத்துப் பேர். ஆகவே மூன்று முறை இழந்த பதினைந்து பேரில் பத்துப் பேருக்கு நான்காவதும் நிச்சயமாகப் போகும். மற்ற ஐவரில் ஒருவருக்குத் தற்செயலாகப் போகலாம். விடை: 73 சதவீதம்.

பெருக்கலில் பிழையில்லை. அந்த ‘ஒரு சதவீதம்’ எங்கிருந்து வந்தது என்பதில்தான் பிழை. அது யாரும் எண்ணிப் பார்த்ததல்ல, அனுமானம். ஆனால் அனுமானத்தில் பிறந்த 73 பாடநூல்களில் ஏறி உண்மையாகிவிட்டது. 1946இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் போட்ட இதே போன்ற கணக்கில் விடை 80ஐத் தாண்டியது. உண்மையான குடும்ப வரலாறுகளை வைத்து மாண்ட்ரியாலில் வார்பர்ட்டனும் ஃபிரேசரும் 1964இல் எண்ணியபோது, பல முறை இழந்த பிறகும் அடுத்த இழப்பின் ஆபத்து 25 முதல் 30 சதவீதத்துக்குள்தான் நின்றது.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததுதான் கொடுமை. சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு 27 பேருக்குத்தான் குழந்தை தங்கும் என்று நம்பும் மருத்துவர் என்ன கொடுத்தாலும் 70 பேருக்குத் தங்கும். கொடுத்ததெல்லாம் அருமருந்தாகத் தெரியும். டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரஜன், மால்பாஸின் கட்டுரை வந்த அதே 1938இல் லண்டனில் உருவானது. கருவைக் காக்கும் என்று பாஸ்டனின் ஸ்மித் தம்பதியர் அதைப் பரிந்துரைக்க, அமெரிக்காவில் அது பரவலாகப் புழங்கியது. 1953இல் சிகாகோவில் டீக்மன் குழு போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, பலனில்லை என்று காட்டிய பிறகும் விற்பனை நிற்கவில்லை. அந்தத் தாய்மாரின் மகள்களுக்கு இளவயதிலேயே அரிதான யோனிப் புற்றுநோய் வருவதை 1971இல் ஹெர்ப்ஸ்ட் குழு கண்டறிந்த பிறகுதான் எச்சரிக்கை வந்தது. அந்த மகள்கள் பலருக்குக் கருப்பையின் உட்குழி வடிவம் குலைந்திருந்தது. அவர்களுக்குக் கருச்சிதைவு மற்றவர்களைவிட அதிகமாகவும் நிகழ்ந்தது. கரு கலையாமலிருக்கக் கொடுத்த மருந்து அடுத்த தலைமுறையின் கருவைக் கலைத்தது.

இந்தக் கட்டுரையில் இனி வரும் ஒவ்வொரு விளக்கத்தையும் இந்த ஒரு பாடத்தை வைத்தே எடைபோட வேண்டியிருக்கிறது. சிகிச்சை இல்லாமலே பெரும்பாலோருக்கு நல்லபடியாக முடியும் ஒரு நிலையில், ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்த வெற்றிக் கதைக்கும் மதிப்பில்லை.

### கருவிலேயே இருக்கும் பிழை

முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதியோ அதற்குச் சற்று மேலோ குரோமோசோம் எண்ணிக்கை பிசகியவை. இவற்றில் பெரும்பாலானவை பெற்றோரிடமிருந்து வழிவழியாக வருவன அல்ல. முட்டை முதிரும்போது, அந்த ஒரு முறை, நேரும் பிழை. வயதோடு இது ஏறுகிறது: 2019இல் வெளியான நார்வே பதிவேட்டு ஆய்வில் 25–29 வயதில் கருச்சிதைவு சுமார் 10 சதவீதம், 45க்கு மேல் 53 சதவீதம்.

ஒரு முரண் இங்கே உண்டு. இழப்புகளின் எண்ணிக்கை கூடக்கூட, கலைந்த கருவில் குரோமோசோம் பிழை காணப்படுவது குறைகிறது என்று ஜப்பானின் நகோயாவிலிருந்து ஒகசவாரா குழு 2000இல் காட்டியது. அதாவது இரண்டு மூன்று முறை இழந்தவரிடம் தற்செயலுக்கு இடம் அதிகம். ஐந்தாறு முறை இழந்தவரிடம் வேறேதோ நிலையான காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். கலைந்த கருவில் பிழை இருந்தது என்பது, துயரத்தின் நடுவிலும், அடுத்த முறைக்கு ஓரளவு நல்ல செய்தி.

இதைக் கண்டுபிடிக்கக் கலைந்த திசு வேண்டும். நடைமுறையில் இங்கேதான் காரியம் கெடுகிறது. டி அண்ட் சி செய்த பிறகு திசுவை வழக்கப்படி ஃபார்மலின் டப்பாவில் போட்டுவிட்டால் செல்களை வளர்த்துக் குரோமோசோம் பார்க்க முடியாது. சலைனில் போட்டு அனுப்ப வேண்டும். அனுப்பினாலும், தாயின் திசு கலந்திருந்தால் ‘46, எக்ஸ்எக்ஸ், இயல்பு’ என்று அறிக்கை வரும். அது தாயின் குரோமோசோமாகவே இருக்கலாம். தாயின் ரத்தத்தோடு ஒப்பிடாத இயல்பு அறிக்கையை முழுதாக நம்புவதற்கில்லை.

பெற்றோரில் ஒருவருக்குச் சமநிலை இடமாற்றம், அதாவது இரு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி அமைந்த நிலை, இருப்பது தொடர் இழப்புத் தம்பதிகளில் சில சதவீதம்தான். அப்படி இருந்தாலும் கதவு மூடிவிடுவதில்லை. நெதர்லாந்தில் 2006இல் வெளியான நீண்ட கண்காணிப்பில், இடமாற்றம் உள்ள தம்பதிகளில் 83 சதவீதமும் இல்லாதவர்களில் 84 சதவீதமும் இறுதியில் ஆரோக்கியமான குழந்தையைப் பெற்றிருந்தனர். வேறுபாடு இடையில் எத்தனை இழப்பு என்பதில்தான். சோதனைக்குழாய்க் கருக்களைப் பரிசோதித்துத் தேர்ந்து வைக்கும் செலவுமிக்க வழியை எல்லோருக்கும் பரிந்துரைக்க இதனால்தான் பலர் தயங்குகிறார்கள்.

### சொந்தத்தில் கட்டியதாலா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் ரத்த உறவில் நடக்கிறது. மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ராவும் இன்பராஜும் வட ஆர்க்காட்டில் பெரிய அளவில் நடத்திய ஆய்வு 1977இல் வெளியானது. உறவுத் திருமணத்தால் கருச்சிதைவு குறிப்பிடத்தக்க அளவில் கூடுவதாக அதில் தெரியவில்லை. பிற நாட்டு ஆய்வுகளும் பெரும்பாலும் அவ்வாறே. உறவுத் திருமணத்தின் ஆபத்து உண்மையானது. ஆனால் அது பிறந்த குழந்தைக்கு வரும் ஒடுங்குமரபு நோய்களில்தான் தெளிவாகத் தெரிகிறது. சில குடும்பங்களில் இத்தகைய மரபணுக் குறை, கருவையோ வளர்ந்த சிசுவையோ மீண்டும் மீண்டும் பலிகொள்ளலாம். அங்கே மரபியல் ஆலோசனை அவசியம். மற்றபடி, மூன்றாம் மாதக் கருச்சிதைவுக்கெல்லாம் சொந்தத்தைக் காரணமாக்க ஆதாரம் போதாது.

### கருப்பையின் வடிவமும் வாயும்

நான்கைந்து மாதத்தில், வலி அதிகமில்லாமல், கருப்பை வாய் திறந்து சிசு விழுந்துவிடும் வகை தனி. இதற்குத் தையல் போடும் முறையை 1955இல் பம்பாயின் வி. என். ஷிரோத்கர் விவரித்தார். பெண்ணின் தொடையிலிருந்தே எடுத்த சவ்வு நாடாவால் கருப்பை வாயைச் சுற்றிக் கட்டும் அந்த முறையை அவர் வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த ‘ஆன்ட்டிசெப்டிக்’ இதழில், டாக்டர் யு. ராமராவ் 1904இல் தொடங்கிய இதழ் அது. 1957இல் ஆஸ்திரேலியாவின் மெக்டொனால்டு இன்னும் எளிய தையலைச் சொன்னார். இன்றும் உலகெங்கும் இந்த இரு பெயர்களில்தான் தையல் போடப்படுகிறது. ஆனால் முதல் மூன்று மாத இழப்புக்கு இந்தத் தையல் எந்த வகையிலும் மருந்தல்ல. ‘கர்ப்பப்பை வாய் வீக்’ என்று எட்டாம் வாரக் கருச்சிதைவுக்குச் சொல்வது பொருந்தாது.

கருப்பைக்குள் நடுவே இறங்கும் தடுப்புச் சுவரை உள்நோக்கி வழியே வெட்டிவிடுவது பல பத்தாண்டுகளாகச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட சிகிச்சையாகக் கருதப்பட்டது. 2021இல் வெளியான டிரஸ்ட் சோதனையில் வெட்டியவர்களுக்கு 31 சதவீதம், வெட்டாதவர்களுக்கு 35 சதவீதம் குழந்தை பிறந்தது. எண்பதே பெண்கள், அதுவும் நெடுங்காலம் இழுத்துச் சேர்த்தவர்கள். அதனால் இது முடிந்த முடிவல்ல. ஆனாலும் வெட்டுவதே இயல்பு என்றிருந்த உறுதி தளர்ந்திருக்கிறது.

### ரத்தமும் எதிர்ப்பாற்றலும்

நிலையான, சிகிச்சைக்கு ஆட்படும் காரணம் என்று தயக்கம் குறைவாகச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு: ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் நோய்த்தொகுதி. 1983இல் லண்டனின் கிரஹாம் ஹியூஸ் விவரித்த இந்நிலையில் உடலே உருவாக்கும் சில எதிர்ப்பொருள்கள் ரத்தத்தை உறைய வைப்பதோடு நஞ்சுக்கொடி உருவாவதையும் கெடுக்கின்றன. ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசியும் சேர்த்தால் குழந்தை தங்கும் விகிதம் 42இலிருந்து 71 சதவீதமாகிறது என்று 1997இல் ராய், ரீகன் குழு காட்டியது. 2002இல் ஃபார்க்கர்சன் குழு அதே ஒப்பீட்டைச் செய்தபோது வேறுபாடு தெரியவில்லை. ஆக, இங்கேயும் ஆதாரம் நாம் நினைக்கும் அளவுக்குக் கெட்டியல்ல. ஆனால் வேறெந்தக் காரணத்துக்கும் இருப்பதைவிடக் கெட்டி.

சோதனையைச் சரியாகச் செய்வதும் எளிதல்ல. எதிர்ப்பொருள் ஒருமுறை தெரிந்தால் போதாது. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி தெரிய வேண்டும், ஏனெனில் சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகும் அது தற்காலிகமாகத் தோன்றி மறையும். இவ்வகை எதிர்ப்பொருளைக் காணும் லூபஸ் ஆன்ட்டிகோயாகுலன்ட் சோதனைக்கு எடுத்த ரத்தத்தை இரண்டு முறை சுழற்றித் தட்டணுக்களை நீக்க வேண்டும். ஹெப்பாரின் ஊசி தொடங்கிய பிறகு எடுத்தால் முடிவு குழம்பும். ஒரே ஒரு அறிக்கையை வைத்துக்கொண்டு ஒன்பது மாதம் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டவர்கள் உண்டு.

பரம்பரையாக ரத்தம் உறையும் தன்மைக்கும் இதே ஊசி உதவும் என்பது தர்க்கப்படி அழகாக இருந்தது. 2023இல் வந்த அலைஃப்-2 சோதனை அதை முடித்துவைத்தது: ஊசி போட்டவர்களில் 71.6, போடாதவர்களில் 70.9 சதவீதம். காரணம் தெரியாதவர்களுக்கு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் தந்த 2010ஆம் ஆண்டுச் சோதனையிலும் பலனில்லை.

எதிர்ப்பாற்றல் கோட்பாட்டின் கதை இன்னும் கசப்பானது. பாதி அந்நியமான கருவைத் தாயின் உடல் ஏன் தள்ளிவிடுவதில்லை என்று 1953இல் மெடவார் கேட்டது அருமையான கேள்வி. அதிலிருந்து கணவரின் வெள்ளணுக்களை மனைவிக்கு ஊசியாகப் போடும் சிகிச்சை முளைத்தது. 1985இல் மௌபிரே குழுவின் சோதனை நம்பிக்கை ஊட்டியது. 1999இல் ஓபர் குழுவின் பெரிய சோதனையில் ஊசி பெற்றவர்களின் வெற்றி 36 சதவீதம்; வெறும் உப்புநீர் பெற்றவர்களுக்கு 48. அமெரிக்காவில் ஆய்வுக்கு வெளியே இதைப் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது. இந்தியாவில் சில மையங்கள் இன்னும் அளிக்கின்றன. ‘கொல்லி அணு’ எண்ணிக்கை பார்த்துத் தரப்படும் சிகிச்சைகளும் இந்த வரிசையில்தான் நிற்கின்றன: கருப்பையில் உள்ள அந்த அணுக்கள் கொல்வதைவிட நஞ்சுக்கொடிக்கு ரத்தக்குழாய் அமைக்கவே அதிகம் உதவுகின்றன, ரத்தத்தில் அளப்பது கருப்பையின் நிலையைச் சொல்வதில்லை.

### ஹார்மோன்

ஏழாம் வாரத்துக்கு முன், புரோஜெஸ்டிரான் ஹார்மோனைச் சுரக்கும் சினைப்பையின் மஞ்சள் உடலை அகற்றினால் கரு கலைந்துவிடும் என்று 1970களில் சாப்போ நிறுவினார். புரோஜெஸ்டிரான் இல்லாமல் கரு நிற்காது என்பதில் ஐயமில்லை. ஆனால் வெளியிலிருந்து கொடுத்தால் நிற்குமா? 836 பெண்களைக் கொண்ட பிராமிஸ் சோதனை (2015) இல்லை என்றது: குழந்தை பிறந்தது மருந்து பெற்றவர்களில் 65.8, பெறாதவர்களில் 63.3 சதவீதம். 4,153 பெண்களைக் கொண்ட பிரிஸம் சோதனையிலும் (2019) மொத்தத்தில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் முன்பே மூன்று முறையோ அதற்கு மேலோ இழந்து, இப்போது உதிரமும் படுபவர்களில் 57 சதவீதம் 72 ஆனது. இந்த உட்பிரிவின் பலத்தில் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல், உதிரப்போக்கும் முந்தைய இழப்பும் உள்ளவர்களுக்கு மட்டும் பரிந்துரைத்தது. நம்மூரில் கர்ப்பம் உறுதியான அன்றே எல்லோருக்கும் எழுதப்படும் மருந்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தால் சரிசெய்ய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. சுரப்பு இயல்பாக இருந்து எதிர்ப்பொருள் மட்டும் உள்ளவர்களுக்கு மாத்திரை தந்த டேப்லெட் சோதனையில் (2019) பலன் தெரியவில்லை.

### சீட்டில் எதை எழுதுவது

முடிவு எப்படி வந்தாலும் அடுத்து செய்யப்போவது மாறாது என்றால் அந்தச் சோதனை தேவையில்லை. இந்த அளவுகோலில் மிஞ்சுவது கொஞ்சம்தான்: ஆன்ட்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் இருமுறை, தைராய்டு, கருப்பைக்கு முடிந்தால் முப்பரிமாண ஸ்கேன், கலைந்த திசுவின் குரோமோசோம்; அதில் கோளாறான அமைப்பு தெரிந்தாலோ திசு கிடைக்காவிட்டாலோ பெற்றோரின் குரோமோசோம். சர்க்கரையைப் பார்ப்பதும் புகை, மது, உடல் எடை பற்றிக் கேட்பதும் செலவில்லாதவை.

நம் ஊர்ச் சீட்டுகளில் விடாமல் இடம்பெறும் ‘டார்ச்’ சோதனை இந்தப் பட்டியலில் இல்லை. ரூபெல்லா, டாக்சோபிளாஸ்மா போன்ற தொற்றுகளுக்கு ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் என்றோ வந்துபோனது என்றுதான் பொருள். அது பெரும்பாலும் பாதுகாப்பு, நோய் அல்ல. ஒரே தொற்று அடுத்தடுத்த கர்ப்பங்களைக் கலைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லாதபோதும், அந்த அறிக்கையைக் காட்டி மருந்து எழுதுவது தொடர்கிறது.

கணவர் பக்கம் நெடுநாள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விந்தணுவின் மரபுப்பொருள் சிதைவு தொடர் இழப்புத் தம்பதிகளில் அதிகமாகக் காணப்படுகிறது என்று இப்போது ஆய்வுகள் சொல்கின்றன; சரிசெய்தால் குழந்தை தங்குமா என்பது வேறு கேள்வி, அதற்கு இன்னும் விடையில்லை.

### காரணம் தெரியாத பாதி

எல்லாம் பார்த்த பிறகும் ஏறக்குறைய பாதித் தம்பதிகளுக்குக் காரணம் அகப்படுவதில்லை. இதைத் தோல்வியாகக் காண்பவர்கள் இருக்கிறார்கள். தொடக்கத்தில் பார்த்த பெருக்கலை நினைத்தால், அவர்களில் பலருக்குத் தேடும்படி எதுவும் இல்லாமலே இருக்கலாம். டென்மார்க்கில் தொடர் இழப்புக்காக மருத்துவரிடம் வந்த 987 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில் (2012), ஐந்தாண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குழந்தை பிறந்தது. மீதி மூன்றில் ஒரு பங்கினருக்குப் பிறக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். வயதும் முந்தைய இழப்புகளின் எண்ணிக்கையும்தான் இரு கூட்டத்தையும் பெரிதும் பிரித்தன.

மாற்றுக் கோட்பாடுகள் வந்துகொண்டிருக்கின்றன. கருப்பையின் உட்சவ்வு கருவின் தரத்தைச் சோதித்துப் பழுதானதை ஏற்க மறுக்கும் என்றும், சிலருக்கு அந்தச் சல்லடை தளர்ந்து, நிற்க முடியாத கருக்களையும் பதியவிட்டுப் பிறகு இழக்கச் செய்கிறது என்றும் பிரிட்டனின் வாரிக்கைச் சேர்ந்த பிரோசன்ஸ், குவென்பி முதலியோர் வாதிடுகிறார்கள். எளிதில் கரு உண்டாகியும் தங்காத பெண்களின் அனுபவத்தோடு இது ஒத்துப்போகிறது. மருந்தாக மாறுமா என்று சொல்லும் காலம் வரவில்லை.

இதற்கிடையே மிகப் பழைய ஒரு முடிவு தீர்ப்பில்லாமலே கிடக்கிறது. 1984இல் நார்வேயின் ஸ்ட்ரே-பெடர்சன் தம்பதியர், காரணம் தெரியாத பெண்களில் ஒரு பகுதியினரை வாராவாரம் வரவழைத்து, பரிசோதித்து, பேசி, தைரியம் சொல்லி அனுப்பினார்கள். அவர்களில் 86 சதவீதத்தினருக்குக் குழந்தை தங்கியது; அந்தக் கவனிப்பு கிடைக்காதவர்களில் 33. வேறெந்த மருந்துக்கும் இப்படியொரு வேறுபாடு தெரிந்ததில்லை. ஆனால் யாருக்குக் கவனிப்பு என்பது குலுக்கலில் முடிவாகவில்லை. பெரும்பாலும் மருத்துவமனைக்கு அருகில் இருந்தவர்களே வந்தார்கள். ஒப்பீட்டுக் குழு சரியில்லாத வெற்றிக்கு மதிப்பில்லை என்று மற்ற மருந்துகளுக்குச் சொன்னதை இதற்கும் சொல்லத்தான் வேண்டும். முறையாகச் சோதிக்கலாம் என்றால், பாதிப் பேரைக் கவனிப்பே வேண்டாம் என்று அனுப்ப எந்த மருத்துவரும் ஒப்புவதில்லை. ஆகவே தொடக்க கர்ப்பத்தில் அடிக்கடி ஸ்கேனும் ஒரே மருத்துவரின் கவனிப்பும் பல தொடர் இழப்பு மையங்களில் வழக்கமாகிவிட்டன. அவற்றால் கரு தங்குகிறதா, தாயின் பயம் மட்டும் தணிகிறதா என்பது 40 ஆண்டுகள் கழித்தும் அளக்கப்படவில்லை.